கூடையில் மிச்சமிருக்கும் பந்துகளை என்ன செய்வது?

கோல்ஃப் பழக வந்த இடத்தில் பந்துக் கூடையைப் பெரியதாக எடுத்துவிட்டோம். எண்பது பந்து அடித்ததும் இடுப்பு போதும் என்று சொல்லிவிட்டது. கூடைக்குள் பார்த்தால் இன்னும் இருபது கிடக்கிறது. கிளம்ப வேண்டிய நேரமும் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

கோல்ஃப் பயிற்சித் திடலான டிரைவிங் ரேஞ்சுக்குப் போய்ப் பழகிய எல்லாருக்கும் இந்த நிலைமை வந்திருக்கும். பெரும்பாலும் யோசிக்காமலே ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுப் போகிறோம். சிலர் அவசர அவசரமாக அடித்துத் தீர்க்கிறார்கள். சிலர் கூடையை அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். சிலர் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார்கள். ஒரு சிலர் நாலைந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் ரேஞ்ச் என்பது முன்பின் தெரியாதவர்கள் சில அடி இடைவெளியில் நின்றுகொண்டு, பந்தடிக்கும் கோலான கிளப்பை ஆளுக்கொன்றாக முழு வேகத்தில் சுழற்றுகிற இடம். அங்கே ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறோம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அதனால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது எப்போது சரி என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

பந்து யாருடையது?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூடைக்குக் கொடுத்த பணத்தில் நாம் பந்துகளை வாங்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு முறை அடிக்கும் உரிமையைத்தான் வாங்கியிருக்கிறோம். அடித்த பந்து திடலில் கிடக்கும். கம்பி வலை போட்ட வண்டி வந்து அதை வாரிக்கொண்டு போகும். கழுவித் திரும்பவும் பந்து தரும் இயந்திரத்துக்குள் கொட்டுவார்கள். நாளைக்கு அதே பந்து இன்னொருவர் கூடையில் விழும்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. பயிற்சிக்குப் போகும் ஆட்டக்காரர் தன்னுடைய பழைய பந்துகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப்போவார். அதற்கு ஷேக் பேக் என்று பெயர். அவருடைய பையைத் தூக்கும் உதவியாளரான கேடி தூரத்தில் போய் நின்றுகொள்வார். வந்து விழும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் சேர்த்துக்கொண்டு வருவார். புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் மணிக்கணக்கில் பழகியது இப்படித்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில், பைன்ஹர்ஸ்டில், 1913-இல் 'மேனியாக் ஹில்' என்ற இடத்தைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கினார்கள். டிரைவிங் ரேஞ்சின் தொடக்கம் அதுதான் என்று சொல்வார்கள். பந்து ஆட்டக்காரருடையதாக இருந்த வரைக்கும் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சியது பையோடு வீட்டுக்கு வந்துவிடும். பந்தை ரேஞ்ச் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடிக்கும் உரிமையை மட்டும் கூடைக்கணக்கில் விற்க ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்வியே வந்தது.

ஆக, கூடையில் மிஞ்சிக் கிடப்பது நாம் இன்னும் பயன்படுத்தாத உரிமை. கூடைக்கணக்கில் விற்கும் ரேஞ்சில் அந்த உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். நான் அடித்தாலும் அவர் அடித்தாலும் பந்து தேய்வது ஒரே அளவுதான். ரேஞ்சுக்கு வரவேண்டிய பணமும் வந்தாயிற்று. ஆனால் கொடுக்கிறேன் என்று வாய் திறந்து சொன்னால்தான் அது கொடுத்தது ஆகும். சொல்லாமல் விட்டுப்போனால் அது வெறும் பாதிக் கூடை. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கீழே சொல்வதெல்லாம் இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

பையில் போட்டுக்கொள்வது

இது ஒரு வழியே இல்லை. திருட்டு. "காசு கொடுத்த பந்துதானே" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நூலகத்தில் சந்தா கட்டியவர் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன சொல்வோமோ, அதையேதான் இதற்கும் சொல்ல வேண்டும்.

எடுத்துப்போனாலும் பெரிதாகப் பயன் கிடையாது. நாள் முழுக்க யார் யாரோ அடிப்பதைத் தாங்க வேண்டும் என்பதற்காக ரேஞ்ச் பந்தைக் கெட்டியான மேலுறை போட்டுச் செய்திருப்பார்கள். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீனில் விழுந்தால் அது நிற்கிற விதமே வேறு. இடம் குறுகலான ரேஞ்சுகளில் தூரம் குறைவாகப் போகும் பந்துகளையே வேண்டுமென்று வாங்கி வைத்திருப்பார்கள். விளையாட்டு விதிகளின்படி பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இது போல இன்னும் சில அளவுகோல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு உட்படாத பந்தைப் போட்டியில் அடித்தால் தகுதிநீக்கம். கோடு போட்ட ரேஞ்ச் பந்தோடு ஒருவர் ஆட்டம் தொடங்கும் முதல் டீயில் வந்து நின்றால், அது எங்கிருந்து வந்தது என்று கூட ஆடுகிற மூன்று பேருக்கும் தெரிந்துவிடும்.

இதற்கு நெருக்கமான பழக்கம் ஒன்று உண்டு. மிச்சத்தைக் கூடையோடு தூக்கிக்கொண்டு சின்ன அடிகள் பழகும் சிப்பிங் கிரீனுக்கோ, குழிக்குள் உருட்டிப் பழகும் பட்டிங் கிரீனுக்கோ போவது. அங்கே ரேஞ்ச் பந்து அனுமதி என்று பலகை இருந்தால் தாராளமாகப் போகலாம். இல்லையென்றால் வேண்டாம். பொறுக்கும் வண்டி அந்தப் பக்கம் வராது; ஊழியர்தான் குனிந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கும். அதோடு, கெட்டியான பந்தில் பழகிய பட்டிங் கை நிஜ ஆட்டத்தில் நம்மை ஏமாற்றும்.

அடித்துத் தீர்ப்பது

காசு கொடுத்தோம், வீணாக்கக்கூடாது. இந்த எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை, கூடையும் காலியாகிவிடும். நேரமும் தெம்பும் இருந்தால் இதைவிட நேரான வழி கிடையாது.

ஆனால் மிச்சம் விழுவதே நேரமோ தெம்போ தீர்ந்துபோன பிறகுதானே. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பந்துக்கு 30 விநாடி என்று வைத்தாலே 100 பந்துக்கு 50 நிமிடம் ஆகும். பின்னால் நின்று குறி பார்த்து, பிடியைச் சரி செய்து, மூச்சு விட்டு அடிப்பவருக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அப்படி அடித்து வந்தவர் கடைசி இருபதை ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பார்த்தால், பந்துக்கு 15 விநாடிதான் கிடைக்கும். அந்த நேரத்தில் குறி இருக்காது, நிலை இருக்காது. அதுவரை பொறுமையாகக் கட்டிவந்த ஸ்விங்கை, அதாவது கிளப்பைச் சுழற்றும் விதத்தை, கடைசி ஐந்து நிமிடத்தில் நாமே கலைத்துவிட்டுப் போகிறோம்.

உடம்பையும் பார்க்க வேண்டும். சாதாரண ஆட்டக்காரர்களுக்கு கோல்ஃபில் அதிகமாக வலி வரும் இடம் கீழ்முதுகு. முழங்கையின் உள்பக்கம் வரும் வலிக்கு 'கோல்ஃபர்ஸ் எல்போ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புல்தரையில் அடிக்கும்போது கிளப் மண்ணைக் கொஞ்சம் கிளறிக்கொண்டு போய்விடும். சிமெண்ட் தளத்தின் மேல் போட்ட செயற்கைப் புல் விரிப்பில் அது போக இடமில்லை. தரையில் இடித்த அதிர்ச்சி நேராக மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறும். களைத்த நிலையில் பந்துக்குப் பின்னால் தரையை அடிப்பது கூடுதலாகவே நடக்கும். மிச்சம் வைக்கக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காக வலியை வாங்கிக்கொண்டு, அப்புறம் இரண்டு வாரம் கிளப்பைத் தொடாமல் உட்கார்ந்திருப்பது நல்ல கணக்கே அல்ல.

பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இது தொந்தரவு. ஒருவர் நிதானமாகக் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் படபடவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தால் மனம் ஒட்டாது. புல்தரை ரேஞ்சில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு பந்தையும் முந்தைய டிவட்டுக்கு, அதாவது முந்தைய அடியில் புல் பெயர்ந்த இடத்துக்கு, சற்றுப் பின்னால் வைத்து, நேர்கோடாக அடித்துக்கொண்டு வாருங்கள் என்று அமெரிக்க கோல்ஃப் சங்கமான யூஎஸ்ஜிஏ சொல்கிறது. இடையில் கொஞ்சம் புல் விட்டுப்போவதால் தரை சீக்கிரம் ஆறும். அவசரத்தில் அடிப்பவர் இதையெல்லாம் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்த்தால் தரை தட்டுத் தட்டாகப் பெயர்ந்திருக்கும்.

சரி, அரை மணி நேரம் கையில் இருக்கிறது, உடம்பும் ஒத்துழைக்கிறது என்றால் அந்த இருபதை வீணாக்காதீர்கள். கூடையிலேயே விலைமதிப்புள்ள பந்துகள் அவைதான். ஒரே கிளப்பில் ஒரே குறிக்கு அடிக்காமல், மைதானத்தில் ஆடுவது போல ஆடிப் பாருங்கள். தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் ஒன்று. அது எங்கே போனதோ அதற்கேற்ப நடுத்தர தூரத்துக்கு ஓர் அயர்ன். அப்புறம் கிட்டத்து அடிக்கு ஒரு வெட்ஜ். அடுத்த குழிக்கு வேறு குறி. 1979-இல் ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று விதமான கை அசைவுகளைச் சிலருக்கு ஒன்றை முடித்து அடுத்தது என்று வரிசையாகவும், சிலருக்கு மாற்றி மாற்றிக் கலந்தும் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சி நடக்கும்போது வரிசையாகச் செய்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பின்னால் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். ரேஞ்சில் பிரமாதமாக அடித்துவிட்டு மைதானத்தில் தடுமாறுகிற நம்மில் பலருக்கு இதில் சேதி இருக்கிறது.

சொல்லாமல் விட்டுப்போவது

அதிகமாக நடப்பது இதுதான். செய்பவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். யாராவது எடுத்து அடித்துக்கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எண்ணம் கூடையைப் பார்த்தால் தெரியாதே.

சில வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஓரத்து விரிப்பில் பாதிக் கூடை ஒன்று நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன், யாரும் வரவில்லை. கிளப் இல்லை, பை இல்லை, துண்டுகூட இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று முடிவு செய்து, கூடையை என் இடத்துக்கு எடுத்து வந்து அடிக்க ஆரம்பித்தேன். ஏழெட்டுப் பந்து போயிருக்கும். ஒரு பெரியவர் கையில் இரண்டு கிளப்போடு வந்து, அந்த விரிப்பின் பக்கத்தில் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் மறந்துவிட்டு வந்த கையுறையை எடுக்கப் போயிருக்கிறார். வழியில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். "பரவாயில்லைங்க, நீங்களே அடிங்க" என்றார். என் கூடையிலிருந்து எண்ணிப் போட்டு, இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தன் கூடையைத் தேடிக்கொண்டு நின்ற அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து தனியாக நிற்கும் கூடையைக் கேட்காமல் நான் தொடுவதில்லை.

இதனால் வரும் இழப்பு ஒரு கூடையோடு நிற்பதும் இல்லை. கூட்டமான நேரத்தில், பாதிக் கூடை இருக்கும் இடத்தை ஆள் இருக்கும் இடம் என்று நினைத்து மற்றவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். அதே நேரத்தில் இயந்திரத்தில் பந்து தீர்ந்துபோய், வண்டி ஒரு சுற்றுப் போய் வாரி வரும் வரை எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும். திடலைச் சுற்றிப் பார்த்தால் ஐந்தாறு கூடைகளில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து என்று பந்து தூங்கிக்கொண்டிருக்கும். மாதச் சந்தாவில் வரையறை இல்லாமல் எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். அவர்களுக்கு மிச்சத்தால் பண நஷ்டம் கிடையாது. அதனாலேயே பெரிய கூடையை நிரப்பி, பாதியை விட்டுப்போவது பழக்கமாகிவிடுகிறது.

கூடை சாய்ந்துவிட்டால் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். உருண்டு போன பந்து பக்கத்தில் ஸ்விங்கின் நடுவில் இருப்பவரின் காலடிக்குப் போனால் கணுக்கால் போய்விடும். மிச்சத்தை முன்னால் இருக்கும் புல்லில் கவிழ்த்துவிட்டுப் போவதும் உண்டு. எப்படியும் வண்டி வந்து வாரிவிடும் என்று நினைக்கிறார்கள். வண்டி அடிக்கும் வரிசைக்கு அவ்வளவு நெருக்கமாக வராது. அந்தப் பந்துகளை, எல்லாரும் போன பிறகு, ஊழியர் ஒருவர் கையால்தான் பொறுக்க வேண்டும். நமக்கு அரை நிமிடம் மிச்சம், அவருக்கு முதுகு வலி. தவறிக் கொட்டிவிட்டாலும் பொறுக்குவதற்காக வரிசைக்கு முன்னால் ஒரு காலைக்கூட வைக்காதீர்கள். பந்து போனால் போகட்டும்.

விட்டுப்போவதைத் தவிர வேறு வழி இல்லாத நேரமும் வரும். அப்போது கூடையை விரிப்பின் மேல் வைக்காமல், பின்னால், கிளப் சுழலும் வட்டத்துக்கு வெளியே நேராக நிறுத்திவையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமோ போகிற வழியில் கவுண்டரிலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அந்தக் கடைசி இடத்தில் இருக்கிற கூடை மிச்சம்தாங்க, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்." இவ்வளவு போதும்.

கையில் கொடுப்பது

என் முதல் ஓட்டு இதற்குத்தான். அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் விளையாடத் தொடங்கிய முதல் மாதத்தில், பத்துக்கு ஏழு பந்து தரையோடு உருண்டுகொண்டிருந்த காலத்தில், சின்னக் கூடையை முடித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்தவர் பையை மாட்டிக்கொண்டே, "தம்பி, முப்பது பந்து கிட்ட இருக்கு. எனக்குப் போதும். அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். கூடையை வைத்தார், சிரித்தார், போய்விட்டார். என் ஸ்விங்கைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இத்தனை நேரம் பக்கத்தில் நின்றவர், என்ன தவறு செய்கிறேன் என்று நன்றாகவே பார்த்திருப்பார். அந்த முப்பதில் நான்கைந்து பந்து காற்றில் ஏறின. திரும்ப வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

அதனால் கொடுப்பதைப் பற்றி நான் முதலில் சொல்வது, பந்தோடு அறிவுரையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள் என்பதுதான். வாங்கிக்கொண்டவர் அதை மறுக்க முடியாத நிலையில் இருப்பார். கேட்டால் சொல்லலாம்.

எப்படிப் போய்க் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அடிக்கத் தயாராக நிற்பவரின் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. அவர் கண்ணில் படும்படி, கிளப் எட்டாத தூரத்தில் நின்று, பந்து போன பிறகு பேச வேண்டும். பயிற்சியாளரோடு பாடம் எடுத்துக்கொண்டிருப்பவரை விட்டுவிடலாம். சிறுவர் சிறுமியர் என்றால் கூட வந்த பெரியவரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது மரியாதை.

யாருக்குக் கொடுப்பது? கூடை முக்கால்வாசி நிறைந்திருப்பவருக்குக் கொடுத்தால் அவர் தலையில் சுமையை ஏற்றுகிறோம். கொஞ்ச நேரத்தில் அவருக்கும் இதே மிச்சப் பிரச்சினைதான் வரும். கூடையின் அடியில் நாலைந்து பந்து மட்டும் மீதி இருப்பவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். சிலர் எண்ணி வைத்து அடிப்பவர்கள். சிலருக்கு வலி இருக்கும். சிலர் தனியாக இருக்கத்தான் வந்திருப்பார்கள். "சரிங்க" என்று நகர்ந்து அடுத்தவரைக் கேட்கலாம், இரண்டு பேர் வரைக்கும். அதற்கு மேல் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுகக் கேட்டுக்கொண்டு போனால் அதுவே இடைஞ்சல்.

இப்படிக் கொடுப்பதால் ரேஞ்சின் வியாபாரம் கெடுமே என்று ஒரு வாதம் உண்டு. முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம். நான் கொடுத்த இருபதால் அவர் இன்னொரு சின்னக் கூடை வாங்காமல் போயிருக்கலாம். ஆனால் பந்து ஒன்றுக்கு ஒரு அடி என்று விற்றாயிற்று. அந்த அடி நடக்கத்தான் போகிறது. கூடையை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும் இடத்தில் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான். எழுதியில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால் கவுண்டரில் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

விதிப் புத்தகத்தில் மிச்சக் கூடையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் பிரிட்டனின் கோல்ஃப் அமைப்பான ஆர்அண்ட்ஏ, யூஎஸ்ஜிஏ இரண்டும் சேர்ந்து வெளியிடும் விதிகளில், 1.2 என்ற இடத்தில், ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கும் மூன்று விஷயங்கள் வருகின்றன. நேர்மை, பிறரைக் கருதி நடத்தல், மைதானத்தைப் பேணுதல். பையில் போட்டுக்கொள்வது முதலாவதில் விழுகிறது. சொல்லாமல் விட்டுப்போவது இரண்டாவதில். அவசரத்தில் புல்லைப் பெயர்ப்பது மூன்றாவதில். கேட்டுக் கொடுப்பது மூன்றுக்கும் ஒத்துப்போகிறது.

எடுத்துக்கொள்பவர் பக்கம்

கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. திருப்பித் தர எதுவும் இல்லை. ஒரு நன்றி போதும். தனியாக நிற்கும் கூடையைக் கண்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவருக்கும் தெரியவில்லை என்றால் ஊழியரைக் கேளுங்கள். எடுத்த பிறகும் அங்கேயே நின்று அடிப்பதைவிட, இடத்தைக் காலி செய்துவிட்டுப் பந்துகளை நம் இடத்துக்குக் கொண்டுபோவது நல்லது; காத்திருப்பவர் ஒருவர் உள்ளே வரலாம். விரிப்பின் பக்கத்துத் தட்டில் இரண்டு மூன்று பந்து சும்மா கிடக்கிறது, ஆளும் கூடையும் இல்லை என்றால் அதற்குப் பெரிய விசாரணை தேவையில்லை.

ஆனால் ஒன்று. கூடை எதுவும் வாங்காமல், யார் கிளம்புவார்கள் என்று பார்த்துக்கொண்டு சுற்றுவது வேறு விஷயம். அப்படி வருபவரைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் மனசே போய்விடும். சின்னக் கூடையாவது எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு கிடைத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வதுதான் முறை.

கூடையே இல்லாத ரேஞ்சுகள்

இதுவரை சொன்னது கூடைக்கணக்கு ரேஞ்சுக்கு. நேரக்கணக்கில் விற்கும் இடங்களில் கதை மாறுகிறது. அங்கே நாம் வாங்கியது ஒரு மணி நேரம். பந்து அந்த நேரத்துக்குள் அடங்கியது. நேரம் முடிந்த பின் மிஞ்சியதை அடுத்தவருக்குக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. தரைக்கு அடியிலிருந்து பந்து தானாக எழும்பி, டீ என்று சொல்லும் சிறு முளையில் வந்து நிற்கும் ரேஞ்சுகளில் மிச்சம் என்பது அட்டையில் இருக்கும் எண்தான். அது அடுத்த முறைக்கு நிற்கும், யோசிக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் தொடங்கிய டாப்கோல்ஃப் என்ற ரேஞ்சுகளில் அடிக்கும் ஒவ்வொரு பந்தும் ஆடுபவரின் கணக்கில் சேரும். உங்கள் ஆட்டத்தில் எடுத்து அடிக்காமல் வைத்த பந்தை அடுத்தவர் அடித்தால் யார் கணக்கு யாருக்குப் போகிறது என்று குழப்பம் வரும்.

டாப்டிரேசர், டிராக்மேன் போன்ற, பந்து போகும் விதத்தை அளக்கும் கருவிகள் இருக்கும் ரேஞ்சில் பந்தைக் கொடுத்துவிட்டுப் போவதாக இருந்தால், திரையில் உங்கள் பெயரிலிருந்து வெளியேறிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அவர் அடித்ததெல்லாம் உங்கள் ஏழாம் அயர்ன் சராசரியில் போய்ச் சேரும். அவருக்கும் தன் எண்கள் கிடைக்காது.

கவுண்டரும் சின்னக் கூடையும்

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, எனக்கும் அடிக்க முடியவில்லை என்றால் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பது அடுத்த வழி. நூறு பந்துக் கூடை நான்கரைக் கிலோவைத் தாண்டும். இருபது பந்து ஒரு கிலோகூட வராது. தூக்கிப் போவதில் சிரமம் இல்லை. பணம் திரும்பக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதியில் நிறுத்தியது நம் முடிவு. மின்னலுக்கான எச்சரிக்கை ஒலித்து ரேஞ்சையே மூடினால் அது வேறு. அப்போது இன்னொரு டோக்கன் கிடைக்குமா என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதெல்லாம் உள்ளே போய் நின்ற பிறகு. ஒலி கேட்டதும் கூடை, பந்து, நாகரிகம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு நடக்க வேண்டும்.

இத்தனை வழிகளையும் தேவையில்லாமல் செய்துவிடும் ஒரு வழி இருக்கிறது. சின்னதாக எடுப்பது. பெரிய கூடையில் பந்துக்கு விழும் விலை குறைவு என்பதால்தான் கை அங்கே போகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இருபது மிச்சம் விழுகிறது என்றால், அடித்த பந்துக்குப் போட்டுப் பார்த்தால் அந்த லாபம் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். நான் இப்போது நடுத்தரக் கூடைதான் எடுக்கிறேன். போதவில்லை என்றால் திரும்பப் போய்ச் சின்னது ஒன்று. இயந்திரம் வரைக்கும் நடந்து வரும் அந்த இரண்டு நிமிடம் முதுகுக்கும் நல்லது.

அப்படியும் சில நாள் பத்துப் பன்னிரண்டு மிஞ்சத்தான் செய்கிறது. போன வாரம் மூடுகிற நேரம். வரிசையில் நானும், கடைசி இடத்தில் ஒரு பெண்ணும் மட்டும். அவர் கூடையில் இரண்டு பந்துதான் இருந்தது. அவர் அடித்து முடித்து நிமிரும் வரை நின்றேன். "பன்னிரண்டு இருக்குங்க, வேணுமா?" என்றேன். கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மட்டும் கொடுங்க" என்றார். ஆறைத் தட்டில் போட்டுவிட்டு, மற்ற ஆறைக் கூடையோடு கொண்டுபோய்க் கவுண்டரில் வைத்தேன். படியிறங்கும்போது பின்னால் முதல் பந்தின் சத்தம் கேட்டது, நடுவில் பட்ட சத்தம்.